மதிப்பீடுகளை வரிவரியாக ஒப்பிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் அடிபட்ட வண்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும், சில நிமிடங்களில் பழுதுச் செலவு கணக்கிடப்பட்டு இழப்பீடும் முடிவாகிவிடும் என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. வேகம் வேண்டியதுதான், வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அது பணிமனையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் நடக்கும் முக்கியமான ஒரு வேலையைப் பற்றி யாரும் பேசக் காணோம். பணிமனை கொடுத்த எஸ்டிமேட்டும், காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் சேதத்தைப் பார்வையிடும் சர்வேயர் போட்ட எஸ்டிமேட்டும், இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் கிளெய்ம் மென்பொருளுக்குள் அருகருகே வைத்து ஒப்பிடப்படுகின்றன; வண்டி உரிமையாளருக்கு எவ்வளவு கிடைக்கும், வண்டியில் என்னென்ன வேலை நடக்கும் என்பதெல்லாம் அந்த ஒப்பீட்டில்தான் தீர்மானமாகிறது. பல ஆண்டுகள் அந்தத் திரையின் முன் உட்கார்ந்து எஸ்டிமேட்டுகளைச் சரிபார்த்தவன் என்ற முறையில், அந்த ஒப்பீடு எங்கே பிசகுகிறது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எஸ்டிமேட் என்பது வெளிப்பார்வைக்கு ஒரு தொகை. உள்ளே அது பல வரிகளின் கூட்டு. மாற்ற வேண்டிய உதிரிபாகம், அதைக் கழற்றி மாட்டும் நேரம், நசுங்கிய இடத்தை நிமிர்த்தி டென்ட் எடுக்கும் நேரம், பெயின்ட் அடிக்கும் நேரம், பெயின்ட்டுக்கான பொருள்கள், வெளியே கொடுத்துச் செய்யும் வேலை, வரி என ஒவ்வொன்றும் தனி வரியாக வரும். கூலி வரிகளில் நேரம் ஒருபுறம், மணிக்கு இவ்வளவு என்ற விகிதம் மறுபுறம். இரண்டையும் பெருக்கித்தான் தொகை வருகிறது. ஆகவே இரண்டு எஸ்டிமேட்டுகளின் தொகை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே வேலையைச் சொல்கின்றன என்று கொள்ள முடியாது. ஒன்றில் நேரம் கூடி விகிதம் குறைந்திருக்கலாம். மற்றதில் ஒரு பாகம் விடுபட்டு, அந்த இடத்தை வேறொரு பாகத்தின் விலை நிரப்பியிருக்கலாம். நான் பழகிய திரைகளிலோ, மொத்தத் தொகைகளின் வித்தியாசம்தான் மேலே, பெரிய எழுத்தில், நிறத்தோடு தெரியும். வரிகளைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் இரண்டு மூன்று முறை சொடுக்கி உள்ளே போக வேண்டும். மாலைக்குள் முடிக்க வேண்டிய கோப்புகள் வரிசையில் நிற்கும்போது எத்தனை பேர் உள்ளே போவார்கள் என்பதை நான் அறிவேன். நானும் பல நாள் போகாமல் இருந்திருக்கிறேன்.

ஒரு கோப்பு இன்னும் என் மனத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து மெதுவாக இடிக்கப்பட்ட ஒரு கார். வெளியே பார்த்தால் பின் பம்பரின் இடது மூலை உள்ளே போய், பெயின்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான். பணிமனையின் எஸ்டிமேட் சர்வேயரின் எஸ்டிமேட்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பணிமனையின் காகிதத்தைப் பார்த்து யாரோ கையால் தட்டச்சு செய்து மென்பொருளில் ஏற்றியிருந்தார்கள். பம்பரைக் கழற்றி மாட்டும் வரியில் ஒரு பக்கம் 18 அலகு, மறுபக்கம் 15 அலகு என்றிருந்தது. மூன்று அலகு கூடுதல் என்று திரை சிவப்பில் காட்டியது. உண்மையில் இரண்டும் ஒன்றே. ஒரு மணி நேரத்தை 12 அலகுகளாகப் பிரித்து எழுதும் முறையில் 18 அலகு என்றால் ஒன்றரை மணி நேரம். 10 அலகுகளாகப் பிரிக்கும் முறையில் 15 அலகு என்றாலும் அதே ஒன்றரை மணி நேரம். சில தயாரிப்பாளர்கள் ஒரு மணி நேரத்தை 100 அலகுகளாகவும் பிரிக்கிறார்கள். அலகு எது என்று கேட்காமல் எண்ணை மட்டும் எண்ணோடு ஒப்பிட்டதால் இல்லாத ஒரு வித்தியாசம் அங்கே முளைத்திருந்தது.

அதே எஸ்டிமேட்டில் பணிமனையின் தவறும் இருந்தது; அதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்த வண்டியில் பம்பரைக் கழற்ற வேண்டுமானால் பின் விளக்குகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கான நேரம் பம்பர் வேலையின் நேரத்துக்குள்ளேயே அடக்கம். பணிமனை அதைத் தனி வரியாகவும் எழுதி இரண்டாவது முறை கணக்கில் சேர்த்திருந்தது. அந்த வரியை நீக்கியது நியாயமே. வேலையை இருமுறை எண்ணுவது எஸ்டிமேட் உலகில் அடிக்கடி காணும் பிழை. வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும் நேர அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் செய்பவர்களும் உண்டு. வரிவரியாகப் பார்த்தால்தான் இது சிக்கும். மொத்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று வெட்டுவதால் சிக்காது.

ஆனால் சர்வேயரின் எஸ்டிமேட்டில் விடுபட்டிருந்த இரண்டு வரிகள்தான் பெரிய விஷயம். ஒன்று, பம்பரை ஒட்டிய பின்பக்கவாட்டுத் தகடான குவார்ட்டர் பேனலில் நிறம் பொருந்துவதற்காகப் பெயின்ட்டைச் சிறிது தூரம் இழுத்து மங்கலாக விடும் வேலை. மற்றொன்று, பம்பரின் மூலைக்குள் பொருத்தப்பட்டிருந்த ரேடாரின் கேலிபிரேஷன், அதாவது அது சரியான கோணத்தில் பார்க்கிறதா என்று சோதித்துச் சரிசெய்யும் வேலை. பக்கவாட்டில், கண்ணாடியில் தெரியாத இடத்தில் வரும் வண்டியைப் பற்றி ஓட்டுநருக்கு எச்சரிக்கை தரும் கருவி அது. அது உட்கார்ந்திருக்கும் தாங்கி சற்றே வளைந்தாலும் கருவி பார்க்கும் கோணம் மாறிவிடும். நான் அந்த வரிகளுக்குள் போகவில்லை. குறைந்த தொகையை ஒப்புக்கொண்டு கோப்பை முடித்தேன். சில வாரங்கள் கழித்து வண்டிக்காரர் தொலைபேசியில் அழைத்தார். இடப்பக்கம் வண்டி வரும்போது எச்சரிக்கை விளக்கு சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதில்லை என்றார். அவர் கோபப்படவில்லை. “ஐயா, நீங்கள் இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள்தானே? அதில் எதை நீக்கினீர்கள் என்று என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நல்ல வேளையாக யாருக்கும் அடிபடவில்லை. இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்தக் கேள்விதான்.

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் முதலில் ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே வண்டியைப் பற்றியவையாக இருக்க வேண்டும். இது சொல்லத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஒரே பெயரில், ஒரே ஆண்டில் வந்த மாடலுக்குள் பல ரகங்கள் உண்டு. ஒன்றில் சாதாரண முகப்பு விளக்கு, இன்னொன்றில் எல்இடி. ஒன்றின் முன் கண்ணாடி வெறும் கண்ணாடி, இன்னொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. விலை பல மடங்கு வேறுபடும். பன்னாட்டுத் தரத்தின்படி 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண் இதற்காகத்தான் இருக்கிறது. எண்களோடு குழம்பிவிடக் கூடாது என்று ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றையும் அதில் பயன்படுத்துவதில்லை. அந்த எண்ணை முழுமையாக ஏற்றி ரகத்தைக் கண்டறியாமல், மாடலின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் போடப்பட்ட எஸ்டிமேட்டை வேறொன்றோடு ஒப்பிடுவது வீண் வேலை. விலைத் தரவு எந்தத் தேதியினுடையது என்பதும் அப்படியே. தரவு அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதால், நடுவில் ஒரு புதுப்பிப்பு வந்துவிட்டால் இரு தரப்பும் தவறு செய்யாமலேயே தொகை மாறிவிடும்.

அதைவிட அதிகமாக நான் கண்ட பிழை, முதல் எஸ்டிமேட்டை அடுத்த கட்ட எஸ்டிமேட்டோடு ஒப்பிடுவது. வண்டியைப் பிரிப்பதற்கு முன் போடப்படுவது ஓர் ஊகம். பம்பர் கவரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருக்கும் அதிர்வு தாங்கும் நுரைக் கட்டை நொறுங்கியிருப்பதும், அதற்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டம் வளைந்திருப்பதும் தெரியவரும். அப்போது பணிமனை சப்ளிமென்டரி எஸ்டிமேட் தருகிறது. இவை ஒரே சேதத்தை இரு நிலைகளில் பார்த்தவை. மென்பொருளில் எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பை ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால், பணிமனை திடீரென்று தொகையை ஏற்றிவிட்டதுபோலத் திரை காட்டும். படத்தைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு தரும் எஸ்டிமேட்டுக்கும் இது பொருந்தும். கேமரா பார்ப்பது வெளித் தோலை மட்டுமே. ஒரே மாதிரி அடிபட்ட ஆயிரக்கணக்கான வண்டிகளின் படங்களிலிருந்து உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அது கணிக்கிறது. பெரும்பாலும் அது உதவியான கணிப்பே. ஆனால் பிரித்துப் பார்த்தவரின் எஸ்டிமேட்டுக்கு அதை உச்சவரம்பாக வைப்பது, எக்ஸ்ரே எடுத்த மருத்துவரிடம் வாசலில் நின்று பார்த்தவர் சொன்னதே சரி என்று வாதாடுவதற்குச் சமம்.

நேர அட்டவணைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிட்செல், ஆடாடெக்ஸ், சிசிசி போன்ற எஸ்டிமேட் போடும் மென்பொருள்களின் பின்னால் பெரிய தரவுத் தொகுப்புகள் இருக்கின்றன. மிட்செல் நிறுவனம் தொடங்கிய 1946இல் இந்த வேலைக்குக் கணினி ஏது. உதிரிபாக விலையையும் வேலை நேரத்தையும் புத்தகத்தில் புரட்டிப் பார்த்துக் கையால் கூட்டிய காலம் அது. புத்தகம் திரைக்கு வந்துவிட்டாலும் அடிப்படை மாறவில்லை. அட்டவணையில் உள்ள நேரம் பொதுவாக, அடிபடாத புதிய வண்டியில், பயிற்சி பெற்ற ஒருவர், புதிய பாகத்தைப் பொருத்த ஆகும் நேரம். துருவேறிய போல்ட்டை வெட்டி எடுக்கும் நேரமோ, நசுங்கிய தகட்டை இழுத்து நிமிர்த்திய பிறகே அடுத்த பாகத்தைக் கழற்ற முடியும் என்ற நிலையோ அதில் இல்லை. அதைத் தயாரிப்பவர்களே அது வழிகாட்டி மட்டுமே என்று எழுதிவைக்கிறார்கள். சரிபார்க்கும் மேசையிலோ அது சட்டமாகிவிடுகிறது. அட்டவணையைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் பேராசையாகப் பார்க்கப்படுகிறது.

அட்டவணையே மாறியதற்கு ஓர் உதாரணம் உண்டு. நான் மேலே சொன்ன நிறம் பொருத்தும் வேலைக்கு, பேனல் முழுவதற்கும் பெயின்ட் அடிக்கும் நேரத்தில் பாதி போதும் என்று நீண்ட காலம் கணக்கிடப்பட்டு வந்தது. பாதி பேனலுக்குத்தானே பெயின்ட் போகிறது என்று தோன்றுவது இயல்பு. வேலையை அருகிலிருந்து பார்த்தவருக்குத் தெரியும்: பேனல் முழுவதையும் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், நிறம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபடி படிப்படியாகக் குறைத்து அடிக்க வேண்டும், மேலே பளபளப்புப் பூச்சை முழுப் பேனலுக்கும் கொடுக்க வேண்டும். 2022இல் அமெரிக்காவின் பழுதுபார்ப்போர் சங்கமான எஸ்சிஆர்எஸ் பல பேனல்களில் இந்த வேலையைச் செய்துபார்த்து நேரத்தை அளந்தது. நிறம் பொருத்தும் வேலை முழுப் பேனலுக்கு அடிப்பதைவிடக் குறைவல்ல, கூடுதல் நேரம் எடுப்பதாகத் தெரிந்தது. அதன் பிறகு மென்பொருள், தரவு நிறுவனங்கள் சில பாதி என்ற நிலையான கணக்கைக் கைவிட்டு, வண்டியைப் பார்த்து முடிவு செய்யுமாறு தங்கள் விதிகளை மாற்றின. அதுவரை எத்தனை ஒப்பீடுகளில், அட்டவணையைவிட அதிகம் என்று எத்தனை பெயின்டர்களின் நியாயமான நேரம் வெட்டப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு மென்பொருளில் போட்ட எஸ்டிமேட் இன்னொரு மென்பொருளுக்குப் போகும்போது வரிகள் சிதையாமல் போய்ச்சேர வேண்டும். இதற்காகவே சீகா என்ற அமைப்பு பொதுவான தரவு வடிவங்களை உருவாக்கி வைத்திருக்கிறது. அவற்றில் அனுப்பினால் பாகத்தின் எண், வேலையின் வகை, நேரம், கையால் மாற்றப்பட்டதா என்ற குறி எல்லாம் தனித்தனியே போகும். பிடிஎஃப் ஆகவோ காகிதமாகவோ அனுப்பினால் இந்தப் பிரிவுகள் கலைந்து, பல நேரம் பெயரை வைத்துத்தான் ஒப்பிட வேண்டிவரும். ஒருவர் பம்பர் கவர் என்று எழுதுவார், இன்னொருவர் பம்பர் ஸ்கின் என்பார். மென்பொருள் இரண்டையும் வேறு பாகங்களாக எடுத்துக்கொண்டு, ஒன்று விடுபட்டிருக்கிறது, ஒன்று கூடுதல் என்று காட்டும். பாக எண்ணை வைத்து ஒப்பிட்டாலும் கவனம் வேண்டும். தயாரிப்பாளர் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண் கொடுத்திருப்பார், பாகம் அதேதான். கையால் மாற்றிய வரிகளுக்குப் பக்கத்தில் மென்பொருள் நட்சத்திரம்போன்ற ஒரு குறியைப் போடும். மனிதர் ஒருவர் தன் தீர்ப்பைப் பதித்த இடங்கள் அவை. முதலில் படிக்க வேண்டியவை அந்த வரிகளே. நீக்க வேண்டியவை என்று பொருளல்ல, ஏன் என்று கேட்க வேண்டியவை.

குறைந்த எஸ்டிமேட்டே நிறுவனத்துக்கு லாபம் என்ற எண்ணமும் பாதிதான் உண்மை. பழுதுச் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால் அதைப் பழுதுபார்க்காமல் முழு இழப்பாகக் கணக்கு முடிப்பது வழக்கம். வரிகள் விடுபட்ட எஸ்டிமேட்டை நம்பி வேலையைத் தொடங்கி, வண்டியைப் பிரித்த பிறகு சப்ளிமென்டரி மேல் சப்ளிமென்டரி வந்து அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், செய்த வேலைக்கும் பணம், வண்டிக்கும் பணம் என்று இருமுறை செலவாகும். இடையில் வாரக்கணக்கில் வண்டியில்லாமல் நிற்பவர் உரிமையாளர். இருந்தும் சரிபார்ப்பவரின் திறமை பல இடங்களில் அவர் வெட்டிய தொகையைக் கொண்டே அளக்கப்படுகிறது. அவர் முடித்த கோப்புகளில் எத்தனை சப்ளிமென்டரியோடு திரும்பி வந்தன, எத்தனை வண்டிகள் அதே குறைக்காக மறுபடி பணிமனைக்குள் நுழைந்தன என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட்டால், குறைந்த தொகையும் சரியான தொகையும் வேறு வேறு என்பது மேலதிகாரிகளுக்கும் விளங்கும்.

காப்பீட்டு நிறுவனங்களை நடத்துவோரிடமும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: இரண்டு எஸ்டிமேட்டுகள் ஒப்பிடப்பட்ட ஒவ்வொரு கோப்பிலும், வரிவரியான ஒப்பீட்டின் ஒரு படி வண்டி உரிமையாளருக்குப் போக வேண்டும். நீக்கப்பட்ட வரி எது, மாற்றப்பட்ட நேரம் எது, ஒரிஜினல் பாகத்துக்குப் பதில் வேறு பாகம் வைக்கப்பட்டது எங்கே, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, யார் எந்தத் தேதியில் மாற்றினார் என்பது அதில் இருக்க வேண்டும். காரணம் ஒரு சொற்றொடராக இருந்தாலும் போதும். “பம்பர் வேலை நேரத்தில் அடக்கம்” என்று எழுதினால் பணிமனைக்கும் மறுபேச்சு இருக்காது. வாசகர்களும் இதைக் கேட்டுப் பெறத் தயங்கக் கூடாது. உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை முழுமையாக ஏற்றித்தான் எஸ்டிமேட் போடப்பட்டதா, வண்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு போடப்பட்டதா, கண்ணாடியோ பம்பரோ கழற்றப்பட்டால் அதில் உள்ள கேமராவுக்கும் ரேடாருக்கும் கேலிபிரேஷன் வரி இருக்கிறதா என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். வண்டி வெளியே வந்த பிறகு கேட்டால் பதில் கிடைப்பது கடினம்.

அன்று தொலைபேசியில் பேசியவரின் கோப்பை மறுபடி திறந்து, விடுபட்ட இரண்டு வரிகளையும் சேர்த்தோம். தாங்கி மாற்றப்பட்டு, ரேடார் கேலிபிரேஷன் செய்யப்பட்டது. வண்டியை எடுக்க வந்த அன்று அவருக்கு வரிவரியான ஒப்பீட்டின் அச்சுப்படியைக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான், அவர் அங்கேயே நின்றபடி, விரலை ஒவ்வொரு வரியின் மேலும் வைத்துப் படித்தார். பின் விளக்கு வரி ஏன் நீக்கப்பட்டது என்று கேட்டார், சொன்னேன், சரி என்றார். அந்தப் பக்கத்தை அச்சிடும் வசதி மென்பொருளில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மோட்டார் வாகனச் சேத மதிப்பீட்டாளர்